இல்லாத நாய்க்குட்டிக்கு அழலாமா?

இல்லாத ஒரு நாய்க்குட்டி செத்துப்போயிற்று என்று ஒரு சிறுமி தேம்பித் தேம்பி அழுகிறாள். நீங்கள் அவளிடம் என்ன சொல்வீர்கள்? "அட பைத்தியமே, அது வெறும் படம்தானே! எழுந்து முகத்தைக் கழுவு" என்பீர்களா? அல்லது அவள் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருப்பீர்களா?

சும்மா பொழுதுபோக்குக்காகக் கேட்கும் கேள்வி அல்ல இது. இதை வைத்து எங்கள் கல்லூரியில் இயற்பியல் மாணவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒரு மணி நேரம் வாதாடினார்கள். வாதத்துக்குக் காரணம் ஒரு ஜப்பானியச் சித்திரத் தொடர். அதன் பெயர் ‘டென்னோ காயில்’. ‘டென்னோ’ என்றால் மின்மூளை, அதாவது கணிப்பொறி. ‘காயில்’ என்ற ஆங்கிலச் சொல்லை ஜப்பானியர்கள் ‘கோயிரு’ என்று உச்சரிப்பதால் நம் காதில் அது ‘கோயில்’ என்றே விழுகிறது! மிட்சுவோ இசோ என்பவர் எழுதி இயக்கிய இத்தொடர், 2007-ஆம் ஆண்டு மே முதல் டிசம்பர் வரை ஜப்பான் பொது ஒலிபரப்பு நிறுவனத்தின் கல்வி அலைவரிசையில் 26 பகுதிகளாக வந்தது. மறு ஆண்டே அந்நாட்டின் அறிவியல் புனைகதைப் பரிசுகளையும் பெற்றது. கதை நடக்கும் ஆண்டு எது தெரியுமா? 2026. அன்று தொலைதூர எதிர்காலமாகத் தெரிந்த ஆண்டு இன்று நம் கைக்கு எட்டிவிட்டது. ஆகவே கணக்குப் பார்க்க இது நல்ல சமயம்.

கதை டைகோகு என்ற கற்பனை நகரத்தில் நடக்கிறது. அங்கே ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோரும் ஒருவகை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு திரிகிறார்கள். கண்ணாடி வழியே பார்த்தால் தெருவும் வீடும் மரமும் உள்ளபடியே தெரியும். அவற்றின் மேல் இன்னொரு உலகமும் தெரியும். காற்றில் விரலால் தட்டினால் எழுத்துப் பலகை தோன்றும். காதருகே விரலை மடித்து வைத்தால் அதுவே தொலைபேசி. யாசகோ என்ற சிறுமிக்கு டென்ஸுகே என்று ஒரு நாய் உண்டு. கூப்பிட்டால் ஓடி வரும், வாலை ஆட்டும், தோழர்கள் எல்லோருக்கும் தெரியும். கண்ணாடியைக் கழற்றினால் தெரியாது. தடவிப் பார்த்தால் கையில் ஒன்றும் தட்டுப்படாது.

எனக்கு இத்தொடரில் மிகவும் பிடித்தது, இவ்வளவு நவீனமான சங்கதி ஒரு பழைய ஊரில் நடப்பதுதான். சந்துபொந்துகள், பாசி பிடித்த படிக்கட்டுகள், மலைமேல் சிறு கோயில். மாயச் சரக்குகளை விற்பவர் ஒரு பாட்டி. அதுவும் மிட்டாய்க் கடையில். நம் உடன்குடிக் கடைத்தெருவில் கருப்பட்டி மிட்டாய் வாங்கக் காசை எண்ணிக் கொடுக்கும் பிள்ளைகளைப் போலவே அங்கே பிள்ளைகள் காசை எண்ணிக் கொடுத்து மந்திரச் சீட்டுகள் வாங்குகிறார்கள். இன்னொரு சிறுமி சாக்குக்கட்டியால் தரையில் சங்கேதச் சக்கரங்கள் வரைந்து காரியம் சாதிக்கிறாள். கோலம் போடத் தெரிந்த நம் ஊர்ப் பெண்பிள்ளைகள் அவளைப் பார்த்தால் உடனே சிநேகமாகிவிடுவார்கள்.

கதையின் கடைசிப் பகுதியில் சில பிள்ளைகள் நினைவிழந்து விழ, பெரியவர்கள் பயந்துபோய் எல்லாக் கண்ணாடிகளையும் பிடுங்கி வைத்துவிடுகிறார்கள். யாசகோவின் தாய் மகளை அணைத்துக்கொண்டு, தொட்டால் தெரிகிற உடம்பு, அதன் கதகதப்பு, இதுவே உயிருள்ளது. தொட முடியாதது மெய்யல்ல என்ற பொருளில் சொல்கிறாள். மகள் யோசிக்கிறாள். நாயைத் தொட முடியவில்லை என்பது சரி. ஆனால் நெஞ்சில் வலிக்கிறதே, அது பொய்யா?

என் மாணவர்களில் பாதிப் பேர் தாயின் பக்கம் நின்றார்கள். இயற்பியல் படிக்கிறவர்கள் தொட முடியாததை மெய் என்று ஒப்புக்கொள்ளலாமா என்பது அவர்கள் வாதம். தமிழும் அவர்களுக்குத் துணை நிற்பதுபோல் தோன்றும்; ‘மெய்’ என்றால் உண்மை, ‘மெய்’ என்றால் உடம்பு. நான் மகளின் பக்கம். அதற்கு இயற்பியலிலிருந்தே காரணம் காட்டுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் ‘மெய் பிம்பம்’, ‘மாய பிம்பம்’ என்று படித்திருப்பீர்கள். திரையில் பிடிக்க முடிந்தது மெய் பிம்பம். பிடிக்க முடியாதது மாய பிம்பம். சமதள ஆடியில் தெரியும் உங்கள் முகம் மாய பிம்பம். ஆடிக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் சுவர்தான் இருக்கும். ஆனால் ஆய்வுக்கூடத்தில் என்ன செய்கிறோம்? உயரம் குறைந்த ஓர் ஆடித்துண்டை நிறுத்தி, முன்னால் ஒரு நீண்ட ஊசியைக் குத்துகிறோம். ஆடிக்குப் பின்னால் இன்னோர் ஊசியை முன்னும் பின்னும் நகர்த்துகிறோம். தலையை இடமும் வலமும் அசைக்கும்போது, ஆடிக்கு மேலே தெரியும் பின் ஊசியும் ஆடிக்குள் தெரியும் பிம்பமும் ஒன்றைவிட்டு ஒன்று விலகாமல் சேர்ந்தே நகர்ந்தால், பிம்பம் இருக்கும் இடம் அதுவே. இதற்கு இடமாறு தோற்ற முறை என்று பெயர். முன் ஊசி 12 செ.மீ. தூரத்தில் இருந்தால் பிம்பம் பின்னால் 12 செ.மீ. தூரத்தில் இருக்கும். வகுப்பில் 40 பேர் செய்தாலும் 40 பேருக்கும் அதே விடைதான்.

இல்லாத ஒன்றுக்கு இவ்வளவு திட்டமான முகவரி எப்படி வந்தது? மாய பிம்பம் என்பது பொய் பிம்பம் அல்ல. அங்கே பொருள் இல்லை, அவ்வளவே. இடம் உண்டு, அளவு உண்டு, விதி உண்டு; பலர் தனித்தனியே பார்த்தாலும் ஒத்துப்போகும். இயற்பியலார் ஒன்றை ‘இருக்கிறது’ என்று சொல்லத் தொடுதலை ஒருநாளும் நிபந்தனையாக வைத்ததில்லை. அப்படி வைத்திருந்தால் நட்சத்திரங்களையே தள்ளிவைக்க வேண்டியிருக்கும்.

சரி, அந்தக் கண்ணாடி எப்படி வேலை செய்யும்? திருச்செந்தூரிலிருந்து உடன்குடிக்கு இரவுப் பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்து வந்திருக்கிறீர்களா? சன்னல் கண்ணாடிக்கு வெளியே பனைமரங்கள் ஓடும். கூடவே பேருந்தின் விளக்கும், உங்கள் முகமும், பக்கத்து இருக்கைக்காரரின் சாக்குமூட்டையும் பனங்காட்டுக்குள் மிதந்து வரும். கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் நேராக விழும் ஒளியில் சுமார் 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. இரு பரப்பும் சேர்ந்தால் ஏறக்குறைய 8 விழுக்காடு. பகலில் வெளியே வெயில் கொளுத்துவதால் இந்தச் சிறு பங்கு கண்ணுக்குப் படாது. இரவில் வெளியே இருட்டு, உள்ளே வெளிச்சம். 8 விழுக்காடே போதுமானதாகிவிடுகிறது. உள்ளதும் இல்லாததும் ஒரே கண்ணாடியில் கலந்து தெரிகின்றன.

இதே தந்திரத்தை வைத்து 1862-ஆம் ஆண்டில் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் என்ற வேதியியல் ஆசிரியர் நாடக மேடையில் ஆவியை நடமாடவிட்டார். ஹென்றி டர்க்ஸ் என்ற பொறியாளரின் யோசனையைத் திருத்தி அமைத்தது அது. மேடைக்கு முன் சாய்வாக ஒரு பெரிய கண்ணாடி. பார்வையாளர் கண்ணில் படாத பள்ளத்தில் வெளிச்சத்தில் ஒரு நடிகர். அவருடைய மாய பிம்பம் மேடைமேல் நிற்கும். இன்னொரு நடிகர் வாளால் வெட்டினால் ஊடுருவிப் போகும்! நீங்களும் வீட்டில் செய்யலாம். ஒரு கண்ணாடித் தகட்டை நட்டமாக நிறுத்துங்கள். முன்னால் 20 செ.மீ. தூரத்தில் எரியும் மெழுகுவர்த்தி, பின்னால் சரியாக 20 செ.மீ. தூரத்தில் கண்ணாடித் தம்ளர் நிறையத் தண்ணீர். அறையை இருட்டாக்கிவிட்டு முன்னாலிருந்து பாருங்கள். தண்ணீருக்குள் சுடர் எரியும். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

பெப்பரின் கண்ணாடியைச் சிறிதாக்கித் தலையில் மாட்டினால் அதுதான் இன்றைய கருவியின் அடிப்படை. 1968-இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லாண்டு இதைச் செய்து காட்டினார். கண்ணுக்கு ஒன்றாக இரண்டு சிறு படக்குழாய்கள், பாதி வெள்ளி பூசிய ஆடிகள். தலையைத் திருப்பினால் அதற்கேற்ப, காற்றில் தொங்கும் கம்பிக்கோட்டுக் கனசதுரமும் கோணம் மாறும். கருவி கனமாக இருந்ததால் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் இதற்குரிய பெயரை விமானத் தொழிற்சாலைக்காரர்கள் பின்னர் வைத்தார்கள். விமானத்துக்குள் போகும் கம்பிக்கட்டுகளைத் தொழிலாளி தவறாமல் பொருத்த வழிகாட்டுவதற்காகப் போயிங் நிறுவனத்தின் இருவர் 1992-இல் வெளியிட்ட கட்டுரையில் அது வந்தது. தமிழில் ‘மிகை மெய்ம்மை’ என்கிறோம். மெய்யை நீக்கவில்லை, அதன்மேல் சற்று மிகைப்படுத்துகிறோம் என்பதால் பெயர் பொருத்தமாகவே இருக்கிறது.

கண்ணாடி இல்லாவிட்டாலும் கைபேசி போதும். 2020-ஆம் ஆண்டுப் பொதுமுடக்கத்தில் இது நம் ஊர்களுக்கே வந்துவிட்டது நினைவிருக்கும். அப்போது கூகுளில் புலி என்று தேடினால் முப்பரிமாணப் புலி வரும். கைபேசியைத் திருப்பினால் அது உங்கள் வீட்டுத் தரையில் நிற்கும். எங்கள் தெருவில் ஒரு பையன் தொழுவத்துக்கு முன்னால் புலியை நிறுத்திவிட்டு ஆச்சியிடம் காட்டினான். ஆச்சி திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "எய்யா, அத அந்தப் பக்கமா ஓட்டுடே, கன்னுக்குட்டி மெரளும்" என்றார்கள். கன்றுக்குட்டி வைக்கோலைத் தின்றுகொண்டிருந்தது.

அந்தப் புலி எப்படித் தரையில் கால் ஊன்றி நின்றது? மேலே சொன்ன ஊசிச் சோதனையைக் கைபேசி செய்கிறது என்று சொன்னால் நம்புவீர்களா? கேமரா காட்சியில் மூலை, விளிம்பு, கறை போன்ற நூற்றுக்கணக்கான புள்ளிகளைக் கணிப்பொறி பிடித்துக்கொள்கிறது. நீங்கள் கையை அசைக்கும்போது அருகிலுள்ள புள்ளிகள் அதிகமாகவும் தொலைவிலுள்ளவை குறைவாகவும் நகரும். கை எவ்வளவு அசைந்தது என்பதைக் கைபேசிக்குள் இருக்கும் முடுக்கமானியும் சுழற்சிமானியும் சொல்கின்றன. இரண்டையும் சேர்த்தால் ஒவ்வொரு புள்ளியின் தூரமும் கிடைத்துவிடும். தரை எது, சுவர் எது என்று வரைபடம் தயார். அதனால்தான் வெறும் வெள்ளையடித்த சுவரைக் காட்டினால் கைபேசி திணறும். பிடித்துக்கொள்ள ஒரு புள்ளியும் இல்லை. கோலம் போட்ட முற்றத்தைக் காட்டினால் நொடியில் பிடித்துக்கொள்ளும்.

இப்போது ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். பையனின் கைபேசியில் நின்ற புலி அவன் கைபேசியில் மட்டுமே நின்றது. பக்கத்து வீட்டுப் பெண் தன் கைபேசியில் வரவழைத்தால் அது வேறு புலி, வேறு இடத்தில் நிற்கும். கதையில் வரும் டென்ஸுகேயோ கண்ணாடி போட்ட எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நாய், ஒரே இடத்தில். ஆடிப் பிம்பத்தைப் போலப் பலர் பார்த்தாலும் விடை ஒத்துப்போகிறது. ஆகவே என் அளவுகோலின்படி புலியைவிட நாய் ஒரு படி கூடுதல் மெய். அதற்காக அழுத சிறுமி ஏமாளி அல்ல.

குலசேகரன்பட்டினம் தசராவை நினைத்துப் பாருங்கள். விரதம் இருந்து, காப்புக் கட்டி, காளியாகவும் குரங்காகவும் குறவராகவும் போலீஸ்காரராகவும் வேடம் போட்டுக்கொண்டு எத்தனை பேர் நம் ஊர்த் தெருக்களில் வருகிறார்கள்! காளி வேடத்துக்குள் இருப்பவர் பக்கத்துத் தெரு அண்ணாச்சி என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் கும்பிடுகிறார்கள். நேற்றுக் கடனுக்குப் பருப்பு கொடுத்தவர் என்பதையும் மறக்கவில்லை, இன்று காளியாக நிற்கிறார் என்பதையும் மறுக்கவில்லை. உள்ளதன்மேல் இன்னொன்றை ஏற்றிப் பார்க்கும் பழக்கம் நமக்குக் கணிப்பொறி வந்து கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் அந்த வேடத்தை ஊரே பார்க்கிறது. பிள்ளையும் பார்க்கும், தாத்தாவும் பார்ப்பார், கையில் காசில்லாதவரும் பார்ப்பார். கண்ணாடி வாங்கியவனுக்கு மட்டும் தெரிகிற வேடம் வந்தால் ஊர் இரண்டாகிவிடாதா? எனக்குள்ள முதல் கவலை இதுதான். நாய் மெய்யா பொய்யா என்பதல்ல.

இரண்டாவது கவலை இன்னும் பெரிது. நம் தெருவின்மேல் ஏற்றி வைக்கப்படும் அந்த இரண்டாவது உலகம் யாருக்குச் சொந்தம்?

இத்தொடரில் அதற்கும் ஒரு வேடிக்கையான இடம் உண்டு. மாய உலகில் பழுதான பகுதிகளை அழித்துச் சுத்தம் செய்ய நகர நிர்வாகம் ‘ஸாச்சி’ என்றொரு பெரிய உருண்டைக் காவலனை உலவவிட்டிருக்கிறது. பிள்ளைகளின் மாயப் பண்டங்களும் அதன் கண்ணில் பட்டால் ஒழிந்தன. ஆனால் கோயிலுக்குள்ளும் பள்ளிக்குள்ளும் வீட்டுக்குள்ளும் அது நுழையாது. பக்தியாலோ பயத்தாலோ அல்ல. ஸாச்சி தபால் இலாகாவைச் சேர்ந்தது, கோயிலும் பள்ளியும் வேறு இலாகா! துரத்தப்படும் பிள்ளைகள் கோயில் வாசலைத் தாண்டியதும் மூச்சு வாங்கிக்கொண்டு சிரிக்கிறார்கள். இலாகாச் சண்டையால் யாருக்காவது நன்மை விளைந்ததாக நான் கண்ட ஒரே கதை இது.

சிரிப்பாகச் சொன்ன அந்தச் செய்தி ஒன்பது ஆண்டுகள் கழித்து நம் நாட்டு நீதிமன்றத்துக்கே வந்தது. ‘போக்கிமான் கோ’ என்ற கைபேசி விளையாட்டு 2016 ஜூலையில் உலகில் பரவியபோது, பிள்ளைகளும் பெரியவர்களும் தெருத்தெருவாக மாயப் பிராணிகளைப் பிடிக்கக் கிளம்பினார்கள். விளையாட்டில் கிடைக்கும் பரிசுகளில் முட்டையும் ஒன்று. வழிபாட்டுத் தலங்களில் முட்டை தோன்றுவது பக்தர்களைப் புண்படுத்துகிறது என்று குஜராத் உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடரப்பட்டது; நீதிமன்றமும் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. இல்லாத முட்டைக்கு வழக்கா என்று அப்போது பலர் கேலி செய்தார்கள். நான் கேலி செய்ய மாட்டேன். ஓர் ஊரின் பொது இடத்தில் ஊராரைக் கேட்காமல் வெளியிலிருந்து ஒருவர் ஒன்றைக் கொண்டுவந்து வைக்கலாமா? வழக்கின் கரு முட்டையல்ல, இந்தக் கேள்விதான்.

வைப்பதோடு நின்றதா? எடுத்துக்கொண்டும் போனார்கள். அந்த விளையாட்டை நடத்திய நியான்டிக் நிறுவனம், விருப்பமுள்ள ஆட்டக்காரர்கள் சிலைகளையும் கட்டடங்களையும் கைபேசியால் சுற்றிச் சுற்றிப் படமெடுத்து அனுப்ப ஏற்பாடு செய்திருந்தது. அப்படிச் சேர்ந்த காட்சிகளைக் கொண்டு உலகத்தின் இடங்களைக் கணிப்பொறிக்குப் புரியவைக்கும் ஒரு பெரிய மாதிரியை உருவாக்குவதாக 2024 நவம்பரில் அறிவித்தது. 2025-இல் விளையாட்டையே வேறு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. ஆட்டக்காரர்கள் ஓடியது பிராணிகளுக்காக; நிறுவனத்துக்கு மிஞ்சியது தெருக்களின் அளவு. நம்மூர் நாலுமூலைக் கிணற்றையோ உப்பளத்தையோ ஒரு பையன் படமெடுத்து அனுப்பினால், அதற்குப் பதிலாக அவனுக்குக் கிடைப்பது ஒரு மாயப் பண்டம். பண்டமாற்று நியாயமா என்று அவனே கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். ஆனால் மாற்று நடக்கிறது என்பதாவது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?

கேமரா பொருத்திய மூக்குக்கண்ணாடி இந்தியாவிலும் விற்பனைக்கு வந்திருக்கிறது. நாளைய கண்ணாடி நீங்கள் எதைப் பார்க்கிறீர்கள், எத்தனை நொடி பார்க்கிறீர்கள், எந்தக் கடைப் பலகையில் கண் தங்கிற்று என்பதையெல்லாம் குறித்துக்கொள்ளக்கூடியது. நம் நாடாளுமன்றம் 2023-இல் நிறைவேற்றிய எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்கு உட்பட்டவர்களின் விவரங்களைப் பெற்றோரின் சம்மதமின்றிக் கையாளக்கூடாது, அவர்களைப் பின்தொடர்ந்து கண்காணிக்கக்கூடாது, அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்யக்கூடாது என்கிறது. விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. முக்கியப் பிரிவுகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசமும் தந்திருக்கிறார்கள். கண்ணாடி சட்டத்தைவிட வேகமாக நடக்கிறது.

ஒரு நிறுவனம் தன் கடையை மூடினால் அதன் பிராணிகள் என்னாகும்? இதற்கும் ஜப்பானிலேயே உதாரணம் இருக்கிறது. சோனி நிறுவனம் 1999-இல் ‘ஐபோ’ என்ற எந்திர நாயை விற்றது. 2006-இல் உற்பத்தியை நிறுத்தியது. 2014-இல் பழுதுபார்ப்பதையும் நிறுத்திக்கொண்டது. வளர்த்தவர்களால் தாங்க முடியவில்லை. சிபா மாநிலத்தில் ஒரு பழைய பௌத்தக் கோயிலில் 2015 முதல் அந்த நாய்களை வரிசையாக வைத்து, குருக்கள் மந்திரம் ஓத, ஈமச்சடங்கே நடத்தினார்கள். பிறகு அவற்றின் உறுப்புகளை எடுத்து, உயிரோடிருக்கும் மற்ற நாய்களைப் பிழைக்க வைத்தார்கள். இந்தச் செய்தியைப் படித்துச் சிரித்த மாணவர் ஒருவரும் இல்லை. யாசகோவின் நாயும் அப்படித்தான்; அதைத் தாங்கி நின்றது ஒரு கணிப்பொறி உலகம். ஆகவே அவளிடம் "அழாதே" என்று சொல்ல நமக்கு உரிமையில்லை. "அந்த நாயைத் தாங்கும் கயிறு யார் கையில் இருந்தது?" என்று கேட்கச் சொல்லிக்கொடுக்கலாம்.

பெரியவர்கள் கண்ணாடியைப் பிடுங்கிப் பெட்டிக்குள் வைத்ததை நான் ஏற்கவில்லை என்றேன். அதற்காக எந்நேரமும் மாட்டிக்கொண்டு திரியுங்கள் என்றும் சொல்லவில்லை. கண்ணுக்கு இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. அருகில் உள்ள பொருளைப் பார்க்கும்போது இரண்டு காரியங்கள் நடக்கின்றன: இரு விழிகளும் உட்பக்கமாகத் திரும்புகின்றன, விழிலென்சு தடித்துக் குவியத்தைச் சரிசெய்கிறது. பிறந்ததிலிருந்து இவ்விரண்டும் வண்டியில் பூட்டிய இரட்டை மாடுகள். மிகை மெய்ம்மைக் கண்ணாடிகள் பலவற்றில் பிம்பத்தின் குவியத் தூரம் சுமார் 2 மீட்டர் என்று நிலையாக அமைந்திருக்கும். அரை மீட்டரில் ஒரு வண்ணத்துப்பூச்சியைக் காட்டினால் விழிகள் அரை மீட்டருக்குத் திரும்பும். லென்சோ 2 மீட்டருக்கே குவிய வேண்டும். ஒரு மாடு மேற்கே இழுக்க, மறு மாடு கிழக்கே இழுக்கிறது. தலைவலியும் கண் சோர்வும் வருவது இதனால்தான். வளரும் கண்ணுக்கு இடையிடையே ஓய்வு வேண்டும். தேரிக்காட்டுச் செம்மணலைத் தாண்டித் தொலைவில் தெரியும் பனங்கூட்டத்தைச் சற்று நேரம் பார்த்தால் போதும், செலவில்லை.

எனக்குள்ள ஆசை வேறு. வேறு யாரோ ஏற்றி வைத்த உலகத்தைப் பார்க்கும் பிள்ளைகளாக மட்டும் நீங்கள் இருக்க வேண்டாம். ஏற்றி வைப்பவர்களாக ஆகுங்கள். இதற்குக் கோடிக்கணக்கில் பணம் வேண்டியதில்லை. 1999-இல் ஹிரோகாசு காட்டோ என்ற ஜப்பானியர், கறுப்புச் சட்டமிட்ட ஒரு சதுரத்தைக் காகிதத்தில் அச்சிட்டுக் கேமரா முன் பிடித்தால் அதன்மேல் முப்பரிமாண உருவத்தை நிறுத்தும் நிரலை எழுதி, அதன் மூலத்தை எல்லோருக்கும் திறந்துவிட்டார். இன்று அதன் வழிவந்தவை பல இலவசமாகக் கிடைக்கின்றன. பள்ளிக்கு ஒரு கைபேசியும் ஓர் அச்சுத்தாளும் இருந்தால் தொடங்கிவிடலாம்.

எதைக் காட்டுவது என்கிறீர்களா? கொற்கைக்குப் போங்கள். பாண்டியரின் முத்துத் துறைமுகம் என்கிறோம். போய்ப் பார்த்தால் வயலும் வாழையும்தான். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைப் பல கிலோமீட்டர் தள்ளிவிட்டது. அங்கே நின்று கைபேசியைப் பிடித்தால் பழைய கரைவரை அலை வந்து மோதுவதை உங்கள் வகுப்பே வரைந்து காட்டலாம். ஆதிச்சநல்லூரில் 2023 முதல் கண்ணாடித் தரைக்குக் கீழே முதுமக்கள் தாழிகள் கிடந்த நிலையிலேயே தெரிகின்றன. அந்தக் கண்ணாடியின்மேல் இன்னொரு படலமாகத் தாழி வனைந்த கைகளைக் காட்டலாம். ஒரு பனைமரத்தின்மேல் பிடித்தால் பதநீர் இறக்கும் கலயம் முதல் உடன்குடிக் கருப்பட்டி வரை படிப்படியாகத் தெரியும்படி செய்யலாம். பனையேறும் பெரியப்பாவிடம் கேட்டு எழுத வேண்டிய செய்தி அது, எந்த நிறுவனத்திடமும் இல்லை. அப்படிச் செய்தால் அந்தப் படலத்தில் என்ன இருக்கலாம், என்ன கூடாது என்பதை ஊரே பேசி முடிவு செய்யும்.

தொடங்குவதற்கு உங்கள் பாடப்புத்தகமே இருக்கிறது. 2018-ஆம் ஆண்டு முதல் நம் மாநிலப் பாடநூல்களில் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக ‘விரைவுத் துலங்கல் குறியீடு’ அச்சாகிறது. இதுவும் ஜப்பானில் பிறந்ததே. 1994-இல் டென்சோ நிறுவனத்தின் மசஹிரோ ஹாரா, மோட்டார் உதிரிப்பாகங்களை எண்ணுவதற்காக இதை உருவாக்கினார். ‘கோ’ என்ற பலகை விளையாட்டில் கறுப்பும் வெள்ளையுமாகக் காய்கள் கிடப்பதைப் பார்த்துத் தோன்றிய யோசனையாம். மூலைகளில் உள்ள பெரிய சதுரத்தின் நடுவே எந்தத் திசையில் கோடு கிழித்தாலும் கறுப்பும் வெள்ளையும் மாறிமாறி 1:1:3:1:1 என்ற விகிதத்தில் வரும். அச்சிட்ட காகிதங்களில் மிக அரிதாக வரும் விகிதம் எது என்று தேடித் தேடி அவர்கள் கண்டுபிடித்தது அது. குறியீட்டின் மேல் பதநீர் சிந்திக் கொஞ்சம் அழிந்தாலும் கவலையில்லை. பிழைதிருத்தும் கணக்கு உள்ளேயே இருக்கிறது. அதன் மிக உயர்ந்த தரத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு வரை கெட்டாலும் படித்துவிடும்.

அந்தப் பெரிய சதுரம் மூன்று மூலைகளில் மட்டுமே இருப்பதைக் கவனித்தீர்களா? நான்கிலும் வைத்திருந்தால் தாளை எப்படித் திருப்பினாலும் ஒன்றுபோலவே தெரியும். தலை எது, கால் எது என்று கைபேசிக்குத் தெரியாது. நம் வீட்டுக் கோலங்கள் பெரும்பாலும் நாற்புறமும் ஒத்தவை. அதனால் வாசல் கோலத்தை அடையாளமாக வைத்து உருவம் நிறுத்தப் பார்த்தால், கோலத்தைக் கைபேசி பிடித்துக்கொள்ளும், திசையில்தான் குழம்பும். மார்கழியில் செய்து பார்க்கிறவர்கள் சாணிப் பிள்ளையாரையும் பூசணிப்பூவையும் நடுவில் வைக்காமல் ஒரு மூலையில் வைத்துப் பாருங்கள்.